பில்லில் இருக்கும் பெயர்

கடைசித் தேதி முப்பது என்று
கண்ணாடிக் கதவில் நானே ஒட்டிய தாள்.
படிக்காமலே அதைத் தள்ளிக்கொண்டு வந்தார் சன்னாசி.
செம்பனை ஆலைக் கொதிகலனில்
முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர்.

"தீ எங்க எரியும்?"
தீ இல்லை ஐயா.
வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத்
தண்ணீரில் விடும், அதுதான் ஹீட் பம்ப்.
அதன் வெள்ளை வயிற்றில் விரல் மடக்கித் தட்டிக்
காது வைத்துக் கேட்டார்.
"பகாவ் காத்துல சும்மா கிடக்குற சூடு.
அதுக்கா அத்தன வண்டி கொட்ட ஓடு அள்ளிப் போட்டேன்?"
தவுக்கேக்குத் தமிழ் பாதிதான் புரியும்.
புரிந்த பாதிக்குச் சிரித்தார்.

விலை நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
அரசாங்கம் திருப்பித் தருவது எண்ணூறு.
முதலில் முழுசாகக் கட்டணும்,
பிறகு மனு, பிறகு காத்திருக்கணும்.
ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன் இதை.
தூக்கத்திலும் சொல்வதாக என் தங்கை சொல்கிறாள்.

ஐந்தாம் கட்டம்:
மின்கட்டண பில்லில் பெயர் உள்ளவரின் கையெழுத்து.
பில்லைப் பிரித்தேன்.
மாரிக்கண்ணு, தகப்பன் பேர் ரெங்கசாமி.
"சம்சாரமா?"
"ஆமா."
மின்விசிறி இரண்டு சுற்று திரும்பிய பிறகு,
"ஜொகூர்ல இருக்கு. ஆறு வருஷமாச்சு."

தோட்டத்தை மூடியபோது கிடைத்த வீடு.
முன்பணம் அந்த அம்மாவின் சேமநிதி.
மாசாமாசம் அந்தப் பேரில்தான்
கரண்டுக் காசு கட்டுகிறார் சன்னாசி,
ஒரு நாள் பிந்தியதில்லை.

ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை,
பாரத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
அவராகவே சொன்னார், கவுண்டரைப் பார்த்து.
"நைட்டு ஷிப்டு முடிஞ்சு வருவேன்.
ரெண்டு வாளி சுடுதண்ணி இருக்கணும்.
ஆறிப்போனா கத்துவேன்.
ராவெல்லாம் நீராவில நிக்கிற ஆளுக்கு
எதுக்கு சுடுதண்ணின்னு ஒருநாள் கேட்டுச்சு."
பிறகு?
"எனக்கும் தெரியல."

என் கைப்பேசியில் அடித்தோம்,
அவர் எண்ணை எடுக்காதாம்.
திட்டத்தை முழுக்க ஒப்பித்தேன்.
அந்தப் பக்கம் ஏதோ பஸ் கிளம்பிப் போனது.
"காசு யார் கணக்குக்கு வரும்?"
பில்லில் உள்ள பேருக்குத்தான் அம்மா.
"அப்ப பாதி எனக்கு."
சன்னாசி வேகமாகத் தலையாட்டினார்,
போனுக்குத் தெரியும் என்பது போல.
"சுவிட்சு போட்டாப் போதுமா?
யாரும் தூக்க வேணாமா?"
வேண்டாம் அம்மா.
"ம்."

இருபத்தெட்டாம் தேதி தபாலில் வந்தது கையெழுத்து.
தாளின் பின்பக்கம் தடவினால்
விரலில் தட்டுப்படும் அழுத்தம்.

வயர்மேன் ஜெகன் மாட்டிவிட்டு வந்து சொன்னான்:
சூட்டை வாங்கிக்கொண்டு மறுபக்கம்
குளிர்ந்த காற்று விடுகிறதல்லவா,
அதன் எதிரில் நாற்காலி போட்டு
மத்தியான வெயிலில் உட்கார்ந்திருக்கிறாராம் மனுஷர்.
குளித்துப் பார்த்தீர்களா என்றால்,
"இருக்கட்டும், தண்ணி எங்க போயிரும்?"

பதினோரு வாரம் கழித்து வந்தார்.
கதவில் அப்போது வேறு தாள்,
ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று.
அதையும் படிக்கவில்லை.
கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.
அந்த அம்மா அனுப்பிய பாதி.
நானூற்றி ஒன்று.

"பேங்க்கு தப்பா போட்டிருச்சா?
நீ கணக்குத் தெரிஞ்ச பிள்ள, பாரு."

பேங்க்குக்கு மொய் எழுதத் தெரியாது ஐயா.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.
திரை அணைந்தது, மறுபடி தொட்டு எழுப்பினார்.
"இத ஒரு காப்பி எடுத்துக் குடு."

ஒரு காப்பி இருபது காசு.
நான் வாங்கவில்லை.