இரண்டு இருமல்

நவம்பரில் கிரீட் தீவின் எண்ணெய் ஆலைகள் தூங்குவதில்லை.
குழாய் வாயில் பச்சையாய் இறங்கும் முதல் ஆலிவ் எண்ணெயை
காகிதக் குவளையில் பிடித்து
உள்ளங்கையால் மூடிச் சூடேற்றுகிறாள் ஸ்டமாடியா.
விரல் மூட்டுகள் ஒவ்வொன்றும்
ஊறி உப்பிய கொண்டைக்கடலை.
போன குளிர்காலத்தில் மோதிரத்தை
அறுத்துத்தான் எடுத்தோம்.

உறிஞ்சுகிறாள். புல்வாசம்,
பிறகு கசப்பு,
பிறகு அறுசுவைக் கணக்கில் சேராத அந்தக் காறல்,
நாக்கை விட்டுவிட்டுத் தொண்டையை மட்டும் பிடிப்பது.
ஒரு இருமல்.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.
“இரண்டு!” என்று கத்தி
மனூசோஸ் பீப்பாயில் சாக்குக்கட்டியால் எழுதுகிறான்.

ஹாம்பர்க் வியாபாரிக்குத் தொண்டை நோகாத எண்ணெய் வேண்டுமாம்.
முற்றிக் கறுத்த காயில் பிழிந்ததைக் கொடுத்தோம்.
வழுவழுவென்று இறங்கியது,
ஒரு வார்த்தை பேசாமல்.
லாரி நிறைய ஏற்றிப் போனார்.

வீக்கத்துக்கு டாக்டர் தந்த மாத்திரையும்
கடித்தால் இதே இடத்தில்தான் எரியும்.
கடித்துப் பார்த்தவள் சொல்கிறாள்:
இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன.
ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை.
இரண்டு கரண்டி எண்ணெய்
எவ்வளவு வீக்கத்தை வடிக்கும்?
கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்,
அதுவும் வலிக்கிறது.

இன்று மதியம் காட்டுக்கீரை வெந்ததும்
புட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.
நேற்று அவளே மூடியைத் திருகினாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
திறந்து ஊற்றினேன்,
தட்டின் அடி பச்சையாகும்வரை.
மாறி மாறி இருமிக்கொண்டே
சாப்பிட்டு முடித்தோம்.