காதில்லாதவள்

ஐவிஸ் தன் பெட்டியைக் குளியல் துண்டில் சுற்றி
டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.
நான்கு வால்வு. ரீகாவில் அன்று மைனஸ் ஒன்பது.
தேநீர் வேண்டுமா என்றேன்.
"முதலில் இது அறைச் சூட்டுக்கு வரட்டும்."

குன்டார்ஸின் பெட்டி டிரான்சிஸ்டர்,
சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
படகு மோட்டாரை விற்று வாங்கியது.
படகு இருக்கிறது, துடுப்போடு.

எனக்குப் புரிந்த அளவில் சங்கதி இதுதான்:
இசைத்தட்டில் வரி கீறும்போது
கீழ்க்குரலை ஒடுக்கிவிடுகிறார்கள்,
இல்லையென்றால் வரி அகன்று பக்கத்து வரியை இடிக்கும்.
மேல்குரலை ஏற்றிவைக்கிறார்கள்,
இல்லையென்றால் இரைச்சலில் முங்கிப்போகும்.
ஒடுக்கியதை நிமிர்த்தி, ஏற்றியதை இறக்கி,
ஊசியின் முணுமுணுப்பை
ஸ்பீக்கருக்குப் போகிற அளவுக்கு ஆளாக்குவது
இந்தப் பெட்டியின் வேலை.
வாங்கிய கடனை வாங்கியபடியே திருப்பித் தருவது எது
என்பதில்தான் பதினோரு வருடச் சண்டை.

இன்று தீர்ப்பு.
இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்வார்கள்.
முதுகுக்குப் பின்னால் கம்பி மாற்றுகிறவள் நான்.
"விஸ்மாவுக்குக் காது கிடையாது,
அதனால் ஓரவஞ்சனையும் கிடையாது."
கட்டினவன் சொன்னான், விருந்தாளி தலையாட்டினான்.

வால்வைப் போட்டதும் ம்ம்ம் என்று ஓர் உறுமல்.
குன்டார்ஸ் முகத்தில் சர்க்கரை.
தரைக்கம்பியைத் திருகினார்கள், கழற்றினார்கள், திருகினார்கள்.
நான் போய் ஃபிரிட்ஜை அணைத்தேன்.
நின்றது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் சமன் செய்தார்கள்.
அரை டெசிபல் ஓங்கினாலே போதுமாம்,
உரக்கச் சொல்கிறவன் உண்மை சொல்வதுபோல் இருக்குமாம்.
இது இவர்களுக்குத் தெரிந்திருப்பது
எனக்குப் புதுச் செய்தி.

தட்டு, பழைய சந்தையில் இரண்டு யூரோ. சேர்ந்திசை.
ஒன்று: வெண்ணெய், என்று எழுதினான் ஐவிஸ்.
இரண்டு: ஜன்னலைத் துடைத்த மாதிரி, என்று குன்டார்ஸ்.
மூன்றாம் பாட்டின் நடுவில், எல்லோரும் மூச்சிழுக்கிற இடத்தில்,
டக்.
"கீறல்."
"தூசி."
தூரிகையால் துடைத்தார்கள். மறுபடி
டக்.

அது என் காலணி.

செசிஸ், பிப்ரவரி, கச்சேரிக் கூடமாக்கிய தேவாலயம்.
ஆல்டோ வரிசை, பத்தொன்பது வயது,
இரவல் ஜோடி, ஓர் எண் சின்னது.
ஏழாவது தடவை பதிவு. குதிகாலை மெல்ல உருவினேன்,
கொக்கி கல்லில் விழுந்தது.
நடத்துனர் கைகளை இறக்கவில்லை;
டேப் அவ்வளவுதான் மிச்சம்.
அட்டையில் எங்கள் பெயர் எதுவும் இல்லை.
அவன் இதை வாங்கிவந்த அன்றே சொல்லியிருக்கலாம்,
அடுப்பில் ஏதோ இருந்தது.

வால்வுப் பெட்டியில் கொக்கி மரத்தில் விழுகிறது. அழகாக.
கல்லில் மரம் ஏது.
டிரான்சிஸ்டரில் கல்தான், ஆனால் பீங்கான் மாதிரிக் கல்.
ஆனால் அதில், டக்குக்குப் பின்னால்,
ஒரு துளி காற்று:
பக்கத்தில் நின்ற ட்ஸிந்த்ரா
சிரிப்பை மூக்கில் அடக்கிய சத்தம்.
முப்பத்தெட்டு வருடம் அந்த மூக்கு அங்கேயே இருந்திருக்கிறது.

"மாற்று" என்றார்கள்.
கம்பியைச் சும்மா அசைத்துவிட்டு
மாற்றிவிட்டேன் என்றேன்.
ஊசியைத் தூக்கி அதே இடத்தில் வைத்தேன்.
"ஆ, இப்போது உடம்பு வந்துவிட்டது" என்றான் ஐவிஸ்.
மாற்று. மாற்றிவிட்டேன்.
"கொஞ்சம் வறண்டிருக்கிறது, இல்லையா?"
ஐந்து தடவை.
ட்ஸிந்த்ரா ஐந்து தடவை சிரித்தாள்.

முடிவு நான்குக்கு நான்கு.
ஐவிஸ் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைசி டிராமுக்கு ஓடினான்.

பதினொரு மணிக்கு மேல்தான் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது.
ஹெர்ரிங் மீன் இளகி, தரையெல்லாம் நீர்.
துடைத்துவிட்டு இருட்டில் பிளக்கைச் செருகினேன்.
ம்ம்ம்.
ஜி. இல்லை,
ஜி-க்கு மேலே ஒரு மயிரிழை.