விடுபட்ட புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை செம்பனை லோரி வராது.
எடைமேடைச் சாவியும் மயானத்துச் சாவியும்
ஒரே வளையத்தில்தான் கோத்திருக்கிறேன்.
கையில் மைலோ டின், அதில் கறுப்புச் சாயம்,
பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஒல்லித் தூரிகை.

சங்கச் சந்தா வருசத்துக்கு முப்பது வெள்ளி.
கட்டாதவர்கள் கல்லையும் கழுவித்தான் வைக்கிறோம்.
புல்லைப் பாருங்கள்,
சுங்கை கெரூ டவுன் திடலில்கூட இப்படி இருக்காது.
காட்டுப்பன்றிக்குக் கம்பிவேலி.
குழாயடியில் மூன்று நீல வாளி, சங்கிலி போட்டு.
கெம்போஜா மரத்தடியில் மட்டும்
கூட்டக் கூட்டப் பூ.
கமிட்டித் தீர்மானம் அதற்கு எட்டவில்லை.

கல் செதுக்குவது ஆ செங்.
தமிழ் தெரியாது, தமிழின் வளைவு தெரியும்.
ணகரத்தின் சுழிகளை
மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவார்.
புள்ளி மட்டும் அவர் கண்ணுக்குத் தூசி.
ஈ உட்கார்ந்துவிட்டுப் போன கறை என்று
காகிதத்தைத் துடைத்துவிடுகிறாரோ என்னவோ.
கேட்டால்
"எழுத்துக்கு மூன்று வெள்ளி,
புள்ளிக்கு யார் காசு தருவது?" என்று
பாசார் மலாயில் சிரிக்கிறார்.

ஆகவே இங்கே
நல்லம்மாள், நலலமமாள.
சின்னக்கண்ணு, சினனககணணு.
வாய்விட்டுப் படித்தால்
பழைய டிராக்டர் மேடு ஏறுவது மாதிரி இருக்கும்.

பால்மரக் காலத்துக் குழிகளில்
இந்தக் குறை கிடையாது.
ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதியவை.
எழுத்து ஏறி இறங்கி, கோணி,
இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவி.
புள்ளிகள் மட்டும் நன்றாக இறங்கியிருக்கின்றன.
ஒன்றில் நேற்றைய மழை நின்றிருந்தது,
எறும்பு குடித்துக்கொண்டிருந்தது.

முட்டி போட்டபடி
வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போகிறேன்.
புள்ளி போனால் மெய்க்குள் உயிர் வந்துவிடும்:
இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.
அப்போது அது ரெண்டு மார்க் சமாச்சாரம்.

ஆறாம் வரிசை, இருபத்திரண்டு.
குளியலறை ஓடு பதித்த மேடை.
பீங்கான் படத்தில்
மீசை வைப்பதா வேண்டாமா என்று
இன்னும் முடிவு செய்யாத முகம்.
கோபிநாத.
ஒரே ஒரு புள்ளி பாக்கி, கடைசி எழுத்தில்.

வடமலை அண்ணன் குந்தியிருந்தார்,
பழைய பல்துலக்கியால்
ஓட்டு இடுக்கைத் தேய்த்தபடி.
அவர் லோரியின் வெறும் எடை எனக்கு மனப்பாடம்.
வாரத்தில் ஆறு நாளும் கண்ணாடிக்கு வெளியே
கையை நீட்டிச் சீட்டு வாங்குகிறவர்,
இதுவரை என்னிடம் பேசியது
மழையைப் பற்றி.

தூரிகையைத் தோய்த்தேன்.
நிமிரவில்லை அவர்.
"அது இருக்கட்டும்மா" என்றார்.

நுனியில் திரண்டிருந்தது
என் கட்டைவிரல் நகத்தில் விழுந்தது.
துடைத்தேன். முழுதாகப் போகவில்லை.

நோட்டில் எழுதினேன்:
வரிசை ஆறு, எண் இருபத்திரண்டு,
பிழை இல்லை.

அடுத்தது பேச்சியம்மாள்.
மூன்று புள்ளி.
சந்தா நின்று பதினான்கு வருசம்.
வேண்டாமென்று சொல்ல
பக்கத்தில் யாரும் இல்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
வைத்தேன்.