ஆடு தின்றது

மணலி யார்டின் பின்சுவருக்கு அப்பால்
சீமைக்கருவேலம் காடாகிக் கிடக்கிறது.
மதியச் சோற்றுக்கு அங்கேதான் போவேன்.
காலையிலிருந்து கன்டெய்னர் சீல் பார்த்த கண்ணுக்கு
எண் போடாத ஏதாவது வேண்டும்.

உமரி தெரியும், கிள்ளி வாயில் போட்டால் உப்பு.
நாயுருவி தெரியும்,
சுடிதாரில் ஒட்டிக்கொண்டு
பஸ்ஸில் சத்தியமூர்த்தி நகர் வரைக்கும் கூட வரும்.
பூனை வந்து புரளுகிற இடத்தில் குப்பைமேனி.

இது புதுசு.
பெட்டிகளைக் கூட்டிக் கொட்டிய குப்பையில்
மழை விட்ட எட்டாம் நாள் நின்றது.
எந்தத் துறைமுகத்து மண்ணோ.
இலை கொஞ்சம் இதயம், கொஞ்சம் குளம்பு.
பூ, கருஞ்சிவப்பில் வளைந்த ஒரு குழாய்.
முகர்ந்தால் பழைய பேட்டரி.

டிரைவர் குணாளன் போனைக் காட்டினான்.
எழுபது சதவீதம் ஆடுதின்னாப்பாளை என்றது.
மறுபடி காட்டினால் அமேசான் கரையில் ஒரு கொடி.
மூன்றாம் தடவை அவன் கட்டைவிரலும் விழுந்துவிட
கத்தரி.

ஒடிசாக்காரன் பிபின் குனிந்து பார்த்து
அவன் ஊர்ப் பெயர் ஒன்று சொன்னான்.
எங்கள் யார் நாக்கிலும் அது நிற்கவில்லை.
அர்த்தம் கேட்டோம்.
"புல்லு" என்று சிரித்தான்.

டீக்கடை மோசஸ் அண்ணன்:
"இன்னாத்துக்கு இம்மா ஆராய்ச்சி?
வெசம்னா வுடு, கீரைன்னா பறி."

நான் சீல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
தண்டில் நாலு வரி.
இலை ஒன்று விட்டு ஒன்று.
ஒடித்தால் பால் இல்லை.
பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு,
பக்கத்தில் பென்சிலால், லேசாக,
ஆடுதின்னாப்பாளை.

சனிக்கிழமை சுவர் இடிந்த சந்து வழியாக
சடையங்குப்பம் ஜமீலாக்காவின் வெள்ளாடு வந்தது.
கருவேல நெற்று ஏராளம் கொட்டிக் கிடந்தும்
நேராக அதனிடம் போனது.
பூவைக் கடித்து,
என்னைப் பார்த்தபடியே மென்று,
இலையைத் தின்று, தண்டைத் தின்று,
நாலு விரல் கட்டை மிச்சம் வைத்தது.
நான் சோற்றுக் கையோடு நின்றேன்.
விரட்டலாம் என்று தோன்றியபோது
விரட்ட எதுவும் இல்லை.

கை கழுவி நோட்டை எடுத்து
அந்தப் பென்சில் பெயரை அடித்தேன்.
ஆடு தின்றது,
ஆகவே அது இல்லை.
இத்தனை நாளில் உறுதியாகத் தெரிந்தது
இது ஒன்றுதான்.

ஞாயிறு முழுக்க இருப்புக் கொள்ளவில்லை.
திங்கள் காலை பஸ் ஸ்டாப்பில் ஜமீலாக்கா.
"ஆடு நல்லாருக்காக்கா?"
ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன், உங்கிட்ட எதனா சொல்லுச்சா?"