மூன்று விரற்கடை

எண்ணூர் விரைவுச் சாலையில்
எனக்கு முன்னால் அறுபத்திரண்டு டிரெய்லர்.
டீக்கு நடந்தபோது எண்ணினேன்.
பின்னால் எத்தனை என்று எண்ணுவதில்லை,
அது அவர்கள் கவலை.

ஸ்குரூ உருளாமலிருக்க
டேஷ்போர்டில் ஈரத்துணி.
அதன்மேல் கவிழ்ந்து கிடக்கிறது கார்,
மூன்று விரற்கடை நீளம்.
பர்மா பஜாரில் முந்நூற்றைம்பது சொன்னான்,
இருநூற்றிருபதுக்கு இறங்கினான்,
ரிமோட்டுக்கு செல் மட்டும் தரமாட்டானாம்.

வாங்கியபடியே ஓட்டினால்
அதற்கு இரண்டே திருப்பம்தான்:
முழு இடது, முழு வலது.
லேசாக ஒடிப்பது என்ற பேச்சே கிடையாது.
மொசைக் தரையில் விட்டால்
காய்ந்த எண்ணெயில் கடுகு.

முதலில் பாரம்.
காசிமேட்டில் ஞானப்பு
கிழிந்த வலையிலிருந்து உருவித் தந்த ஈயக்குண்டு.
சுத்தியலால் தட்டித் தகடாக்கி
நகம்போல வெட்டி
முன் அச்சின் மேல் ஒன்று, பேட்டரிக்கு அடியில் ஒன்று.
வலையைக் கடலுக்குள் இழுத்த ஈயம்
இனி இதன் மூக்கைத் தரையில் அழுத்தும்.
கை மட்டும் இரண்டு நாள் கருவாட்டு வாசம்.

அப்புறம் டயர்.
எவருடைய பிறந்தநாளுக்கோ தெருவெல்லாம் கட்டிய பலூனில்
வெடிக்காமல் மிஞ்சியதன் கழுத்தை அறுத்து
பின் சக்கரத்துக்கு இரண்டு சுற்று.
முன்னாலும் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன்,
வளைவில் குட்டிக்கரணம்.

லேசாக ஒடிக்கக் கற்றுத் தந்தவள் ஃபர்ஹானா,
வண்ணாரப்பேட்டையில் செல்போன் சர்வீஸ்.
கெட்ட டிரோன் ஒன்றின் போர்டை எடுத்து
மயிரிழைக் கம்பியில் பற்றவைத்தாள்.
"வண்டிய விட என் கூலி ஜாஸ்திண்ணா, பரவாயில்லயா?"
பரவாயில்லை என்றேன்.
அவளும் பந்தயத்துக்கு வருகிறாள் என்பதை
அப்போது சொல்லவில்லை.

ஞாயிறு இரவு காலடிப்பேட்டை டியூஷன் சென்டர்.
பெஞ்சுகள் சுவரோரம் ஏற,
தலைகீழாக விரித்த ஃபிளெக்ஸ்தான் சாலை.
அடியில் யாரோ கும்பிட்டபடி மங்கலாகத் தெரிகிறார்.
கரும்பலகையில் பாதி அழிந்த பின்னக் கணக்கு.
கொண்டை ஊசி வளைவுக்குப் பேர் கொருக்குப்பேட்டை கேட்,
அங்கே எல்லாரும் நிற்கத்தான் வேண்டும்.

ஏழு கார்.
என்னுடையது கிளம்பியதும்
வலது பக்கமாகப் போனது,
யாரோ அந்தப் பக்கம் கூப்பிட்டதுபோல.
இழுத்துப் பிடித்தேன்.
மறுபடி வலது.
நாற்பதடிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு
இருட்டில் யார்டுக்குள் ரிவர்ஸ் போகிறவன் நான்,
ஒரு பெஞ்ச் நீளம் நேராக ஓட்ட முடியவில்லை.

ஆறாவது வந்தேன்.
ஏழாவது பையனுக்கு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஜெயித்தவள் என் காரைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.
"எங்க வெச்சு நேர் பண்ணீங்க?"
"டேஷ்போர்டுல."
"டிரெய்லர் எங்க நின்னுச்சு?"
"ரோட்டோரம்."
அவள் எதுவும் சொல்லாமல்
உள்ளங்கையை இடது பக்கம் சாய்த்துக் காட்டினாள்.
அத்தனை வண்டியும் அங்கே
கால்வாய்ப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.
அந்தச் சாய்வில் நான் நேராக்கிய கார்
சமதரைக்கு வந்ததும் கோணிக்கொண்டது.
சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது,
அதில் மூன்று நிமிஷம் என்னுடையது.

இன்றைக்கு
இடது ஓரத்தில் டோல் ரசீதுகளை மடித்துச் செருகி
மேலே பலகை வைத்து
பாதி கிளாஸ் தண்ணீரில் மட்டம் பார்த்திருக்கிறேன்.
கார் இப்போது நேராகப் போகிறது, ஒரு சாண் தூரம்.
பலகை அவ்வளவுதான்.

பதினோரு மணி நேரத்துக்குப் பிறகு
முன்னால் பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.
பின்னால் ஹாரன்.
"யோவ், எட்றா வண்டிய!"

எடுக்கிறேன்.
எள்ளளவு ஸ்குரூ ஒன்று
கிளட்சுக்குக் கீழே எங்கேயோ விழுந்திருக்கிறது.
ஒரே நிமிஷம்.