தன்மை ஒருமை

என் முதல் வழக்கு ஒரு களவு மாடு.
சாட்சி சிங்களத்தில் சொன்னான்.
நான் தமிழில் எடுத்துச் சொன்னேன்:
"மாடு தன்னுடையது என்கிறார், ஐயா."
பின்வாங்கில் ஒரு இருமல்.
தில்ருக்ஷி.
வயதில் எனக்கு நாலு இளையவள்,
மொழிபெயர்ப்பாளர் கதிரையில் ஏழு வருஷம் மூத்தவள்.

மத்தியானம், உட்துறைமுக வீதி மரநிழலில்
சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி கேட்டாள்,
கந்தளாய்ச் சந்தையில் பழகிய தமிழில்:
"என்கிறார், என்கிறார் எண்டு ஒருத்தன் நடுவில நிக்கிறானே
நவமோகன், ஆர் அவன்?
அவனை வெளியில அனுப்பு.
மாடு என்னுடையது. அவ்வளவுதான்."
மான் ஒன்று வந்து அவள் பார்சல் தாளை இழுத்தது.
கதையை விடாமல்
தாளை விட்டுக்கொடுத்தாள்.

அப்படித்தான் நான் மாட்டுக்காரன் ஆனேன்.
பிறகு தம்பலகாமத்தில் கசிப்புக் காய்ச்சினேன்,
சீனன்குடாவில் செப்புக்கம்பி எடுத்தேன்,
மீன்வாடியில், வலைக் கணக்குத் தகராறில்,
சொந்த அண்ணனின் காலை வெட்டினேன்.
ஒருநாள், இந்த மீசையோடு,
"நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி" என்றேன்.
மன்று சிரித்தது.
கூண்டில் நின்றவள் சிரிக்கவில்லை.
தில்ருக்ஷி சிரிக்கவில்லை.
நான் மட்டும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்;
அதற்காக இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

பேசத் தொடங்கியபோது இவ்வளவும் சொன்னாள்:
அழுகையை மொழிபெயர்க்காதே, அது தானே போய்ச் சேரும்.
தூஷணத்துக்குப் பவுடர் பூசாதே.
வீட்டுக்குப் போகமுன் குழாயடிக்குப் போ,
முகத்தைக் கழுவு, உன் பெயரை வாய்விட்டுச் சொல்.
இல்லாவிட்டால் இவர்கள் எல்லாரும்
உன்னோடு பஸ் ஏறுவார்கள்.

பகிடி என்று நினைத்தேன்.
ஒரு பின்னேரம் மழை, உவர்மலைப் பஸ் புறப்படுகிறது,
குழாயடியை விட்டுவிட்டு ஓடினேன்.
அன்றிரவு மகள் பால் வேண்டாம் என்று தட்டிவிட
என் தொண்டையில் இருந்து வந்தது
மீன்வாடிக்காரனின் குரல்.
பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.
அதன்பின் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அவளுக்கு மாற்றம் வந்தது, கந்தளாய்க்கு.
பிரியாவிடைக் கேக்கை வெட்டிய கத்தி
சான்றுப்பொருள் அறையினது என்று
இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.
வருஷங்கள். புதுவருஷத்துக்கு ஒரு கொக்கிஸ் பெட்டி,
பொங்கலுக்கு ஒரு குறுஞ்செய்தி.

போன ஆவணியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்,
சாட்சிக் கூண்டுக்கு.
பாலையூற்று வளைவில் ஒரு சைக்கிள்காரன்.
லொறியை ஓட்டியவன் அவள் தம்பி.
பக்கத்து இருக்கையில் அவள்.
நிறுத்தச் சொன்னாள்; அவன் நிறுத்தவில்லை.
மற்ற மொழிபெயர்ப்பாளர் பிரசவ லீவில்.
இரு தரப்புக்கும் ஆட்சேபனை இல்லை என்றார்கள்.
எனக்கு இருந்ததை யாரும் கேட்கவில்லை.

தமிழ் தெரியும், ஆனாலும்
இதைத் தாய்மொழியில் சொல்கிறேன் என்றாள்.
சொன்னாள். நானும் சொன்னேன்:
நான் பக்கத்தில் இருந்தேன்.
நான் சத்தம் கேட்டேன்.
நான் திரும்பிப் பார்த்தேன், ஒரு சில்லு சுற்றிக்கொண்டிருந்தது.
பிறகு அவள் மெதுவாக ஒரு சொல் சொன்னாள்.
லஜ்ஜாவ.
அவள் தம்பி குனிந்திருந்த பக்கம் பார்த்து
நான் சொன்னேன்: "எனக்கு வருத்தமாக இருந்தது."

ஒரு இருமல்.
அவள் என்னைப் பார்க்கவில்லை, நீதவானைப் பார்த்தாள்.
நல்ல தமிழில்:
"ஐயா, நான் சொன்னது வெட்கம்."

"எனக்கு வெட்கமாக இருந்தது" என்றேன்.
தட்டெழுத்து நின்றது, திருத்தியது, தொடர்ந்தது.
காதுமடல் எரிய எரிய, அந்தச் சொல்
எங்கள் இருவரில் யாருடையது என்று தெரியாமல்
மிச்ச வாக்குமூலத்தையும் சொல்லி முடித்தேன்.

மன்று கலைந்த பிறகு குழாயடிக்குப் போனேன்.
அங்கே ஏற்கெனவே ஒருவர்.
ஈர முகம், கண் மூடி,
தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்,
ஒருமுறை, இன்னொருமுறை.
என் முறை வரட்டும் என்று
நான் தள்ளி நின்றேன்.