இருபத்தெட்டைக் கேள்

காசெல் நகரத்து மருத்துவமனைச் சலவைக்கூடம்.
நவம்பரிலேயே ஒட்டிவிட்டார்கள்
ஆண்டுக்கடைசிப் பணிப்பட்டியலை.
ஈரக் கையை மேலங்கியில் துடைத்தபடி
அதன்முன் நிற்கிறாள் ஜெல்கா.
ஐம்பத்திரண்டாம் வாரம்: இரவுப்பணி.
அதற்கடுத்து வெறும் தாள்.
"அப்புறம் படுக்கை விரிப்புகள் அழுக்காகாதா?"
என்னைத்தான் கேட்கிறாள்.
நிரல் என் பொறுப்பு.

எனக்கு முன்னிருந்தவர்
முந்நூற்று அறுபத்தைந்தை ஏழால் வகுத்து
மீதி ஒன்றை
மேசையிலிருந்து ரொட்டித்தூளைப் போலத்
தட்டிவிட்டிருக்கிறார்.
தூள் சேரும்.
ஐந்தாண்டில், சிலநேரம் ஆறில்,
முழு வாரமாய் வந்து நின்று
சம்பளம் கேட்கும்.

கெட்டிக்காரத்தனமாய் நான்
டிசம்பர் முப்பத்தொன்றை விசாரித்தேன்:
நீ எத்தனையாவது வாரம்?
இந்த ஆண்டுக்குச் சரியாகத்தான் சொன்னது.
2018ஐக் கொடுத்தேன்.
ஒன்று, என்றது.
ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒரே வாரம்!
அன்று திங்கட்கிழமையாம்;
நள்ளிரவுக்குக் காத்திராமல்
அடுத்த வீட்டில் பால் காய்ச்சிவிட்டது.

இங்கே விதி இதுதான்:
திங்களில் தொடங்கும் வாரம்;
அதன் வியாழன் எந்த ஆண்டில் விழுகிறதோ
அந்த ஆண்டுக்கே சொந்தம்.
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.
பெயர்ச்சி பார்க்காத ஊரிலும்
குரு வைத்ததுதான் சட்டம்.

ஆகவே கேட்க வேண்டியது இருபத்தெட்டை.
எந்தக் கிழமையில் வந்தாலும்
டிசம்பர் இருபத்தெட்டு
தன் ஆண்டின் கடைசி வாரத்தைவிட்டு
நகர்வதில்லை.
ஐம்பத்திரண்டை அழித்த இடத்தில்
ஒரே வரி எழுதினேன்.

2015: ஐம்பத்துமூன்று.
2019: ஐம்பத்திரண்டு.
2020, 2026: ஐம்பத்துமூன்று.
ஆசை விடவில்லை, தேநீர் ஆறுவதற்குள்
நானூறு ஆண்டுகளையும் ஓட்டிப் பார்த்தேன்.
எழுபத்தோர் ஆண்டுகளுக்குத்தான்
அந்தக் கூடுதல் வாரம்.

தோளுக்குப் பின்னாலிருந்து
"2032?" என்றாள் ஜெல்கா.
ஐம்பத்துமூன்று.
விரல்விட்டு எண்ணினாள்.
"அந்த டிசம்பரோடு எனக்கு ஓய்வு.
அந்த ஓர் ஆண்டை மட்டும்
பழைய கணக்கிலேயே விட்டுவிடேன்."

நான் பதில் சொல்வதற்குள்
அச்சுப்பொறி புதுப் பட்டியலைத் துப்பியது.
ஐம்பத்துமூன்றாம் வாரம், திங்கள், இரவுப்பணி.
அவள் பெயரும் இருந்தது,
முதல் எழுத்தின் இடத்தில்
ஒரு கேள்விக்குறியோடு.